துரை வண்டியின் கிளச்சுத் தோல்

எந்த லாரி நல்ல லாரி என்று இன்றைக்கும் என்னிடம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆம்பூர்ப் பழைய ஆட்களில் எனக்கு வண்டி விஷயம் தெரியும் என்று ஒரு பேர் எப்படியோ ஒட்டிக்கொண்டுவிட்டது. கேட்டவுடனே எழுந்து போய்விடுவேன். சிடுமூஞ்சி என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நான் யோசனை சொல்லி ஒரு லாரி வாங்கினார்கள். என் தோஸ்து ஒருவன் அதை ஓட்டினான். அதற்கப்புறம் ஐந்து வருஷம் அவன் எந்த வண்டியையும் தொடவில்லை. அதற்கு யார் காரணம் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆம்பூரில் ஒரு சாயபுவின் தோல் பதனிடும் கிடங்கில் நான் தரம் பிரிக்கிறவனாக இருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் போதும், இது வெள்ளாடா செம்மறியா, உப்புப் போட்டதா காயவைத்ததா, பட்டைச் சாற்றில் எத்தனை நாள் கிடந்தது என்றெல்லாம் சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. சாயபுவும் நாலு பேருக்கு முன்னால் "இவன் கை பொய் சொல்லாதுப்பா" என்பார். அப்படிச் சொல்லிச் சொல்லியே என்னைக் கெடுத்தார் என்று இப்போது தோன்றுகிறது.

கிடங்கில் ஒரு அமெரிக்கா லாரி இருந்தது. சின்னது, ஒடிசலானது, பார்த்தால் தள்ளுவண்டிக்கு இஞ்சின் வைத்த மாதிரி இருக்கும். வாணியம்பாடிக்காரன் ஒருவன் அதை ஏழு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தான். அவன்தான் என் தோஸ்து. நான் அவனை பாய் என்பேன். வயது எனக்குச் சமம். உருதுவும் தமிழும் கலந்து பேசுவான், பேச்சுக்கு நடுவே பாதி நேரம் சிரிப்பான். அந்த லாரியை அவன் வைத்திருந்த அழகைப் பார்த்து அவன் பெண்டாட்டியே பொறாமைப்பட்டாள் என்று எல்லாரும் கேலி செய்வார்கள்.

சரக்கு ஏறிக்கொண்டே போனதால் இரண்டாவது லாரி வாங்க வேண்டும் என்று சாயபு முடிவு செய்தார். மதராஸில் இரண்டு வண்டிகள் விலைக்கு இருந்தன. ஒன்று, அதே அமெரிக்காக் கம்பெனியின் புதிய லாரி. இன்னொன்று, பட்டாளத்தில் ஓடிவிட்டு ஏலத்துக்கு வந்த சீமை லாரி. அந்தச் சீமை லாரிக்கு ஊரே துரை வண்டி என்று பேர் வைத்துவிட்டது, வாங்குவதற்கு முன்பே! ஒரு மாதம் கிடங்கு வாசலில் வேறு பேச்சே இல்லை.

"அமெரிக்கா வண்டின்னா சாமான் எங்க வேணா கெடைக்கும் தோஸ்த். வேலூர் லாங் பஜார்ல போய் கைய நீட்னா பிஸ்டன் குடுக்கறான். பெட்ரோலும் கம்மி. உன் துரைக்கு ஒரு ஆணி போனாலும் கப்பல்ல வரணும்" என்பான் பாய்.

"உன் வண்டி எத்தினி மூட்டை தூக்கும்? மலை ஏற்றத்துல தண்ணி கொதிச்சி நட்ட நடுவுல நிக்கறது எது? போன வாரம் மூணு தடவ எறங்கி தள்ளுனது நானா நீயா?" என்பேன் நான்.

"தள்னா இன்னா? நகருது இல்ல? அந்த யானைய யார் தள்றது?"

"யானைய எதுக்குய்யா தள்ளணும்? அதுதான் நம்மள இழுக்கும்."

"துரை வண்டில கட்டி ரப்பர் சக்கரம். ஓட்னா குடல் கலங்கிடும். நம்மள்து காத்து டயர்."

"காத்து டயர் எத்தினி தரம் பஞ்சராச்சி? நீ சாலையில ஒட்டு போட்டுக்குனு ஒக்காந்திருந்த நேரத்த கணக்கு பாத்தா ஒரு வருசம் ஆவும்!"

இப்படியே போகும். நியாயமாகப் பார்த்தால் அவன் பக்கம்தான் பலம் அதிகம். விலை, பெட்ரோல், பழுது பார்ப்பது என்று எல்லாவற்றிலும் அவன் சொன்னது சரி. ஆனால் மதராஸில் வண்டியைப் பார்த்துவிட்டு வந்த மிஸ்திரி ஒரு வார்த்தை சொன்னார். துரை வண்டியின் கிளச்சு, தோலால் ஆனது. இஞ்சினின் சக்கரத்துக்குள் கூம்பு மாதிரி ஒரு இரும்பு போய் உட்காரும். அந்தக் கூம்பைச் சுற்றித் தோல் பட்டை தைத்திருக்கும். தோல் இறுக்கிப் பிடித்தால் வண்டி நகரும், வழுக்கினால் இஞ்சின் மட்டும் தனியே சுற்றும். அவ்வளவுதான் சங்கதி. அதைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தோலை நம்பி ஓடுகிற வண்டி, தோல் ஊருக்கு வராமல் வேறு எங்கே போகும்? சாயபுவிடம் போய் நின்றேன். "கெட்டுப் போனா நம்ம தோலையே வெட்டி வெச்சிடலாம். கப்பலும் வாணாம், லாங் பஜாரும் வாணாம்" என்றேன். சாயபு தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். தோல்காரரின் மனசு தோல்காரனுக்குத் தெரியாதா? துரை வண்டி ஆம்பூருக்கு வந்தது.

பாய்க்கு முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் அவன்தான் ஓட்ட வேண்டும், வேறு ஆள் இல்லை. முதல் நாளே என்னிடம் சொன்னான்.

"தோஸ்த், கால்தான் பேஜார் பண்ணுது. நம்ம அமெரிக்கா வண்டில ஏத்தம் வந்தா எடது மிதிய அழுத்தி மிதிக்கணும், அப்பதான் பலம் பிடிச்சி ஏறும். இதுல எடது மிதிய அழுத்தினா கிளச்சு வுட்டுப் போவுது. அங்க பலம், இங்க வுடுதலை. ஏழு வருசம் பழகின கால் சொன்னா கேக்குமா?"

"கேக்கும், கேக்கும். பொண்டாட்டி சொன்னா கேக்கற இல்ல?" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மூன்று மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் கிளச்சு கீச் கீச் என்று சத்தம் போடத் தொடங்கியது. வண்டி கிளம்பும்போது ஒரு உதை உதைத்துக்கொண்டு முன்னால் பாயும். மிஸ்திரி முன்பே சொல்லியிருந்தார்: மாதம் ஒரு தடவை, கோழி இறகால், நாலே நாலு சொட்டு விளக்கெண்ணெய். அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாது. நாலு சொட்டு! எனக்குச் சிரிப்பு வந்தது. வறண்ட தோல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? பன்னிரண்டு வருஷமாகத் தோலுக்கு எண்ணெய் போடுகிறவன் நான். தோல் குடிக்கும் வரை கொடுக்க வேண்டும், போதும் என்று அதுவே நிறுத்தும்.

ஒரு வெள்ளிக்கிழமை பாய் தொழுகைக்குப் போயிருந்தான். நான் வண்டிக்கு அடியில் படுத்து, கிடங்கில் தோலுக்குப் போடுகிற அதே புங்க எண்ணெயை எடுத்து, துணியில் நனைத்து, கிளச்சுத் தோலைச் சுற்றித் தேய்த்தேன். அது குடித்தது. இன்னும் தேய்த்தேன். இன்னும் குடித்தது. விரலால் அழுத்திப் பார்த்தால் மெத்தென்று, நல்ல பதம். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை, பேரணாம்பட்டுக் கணவாய் வழியாக மேலே கோலார்ப் பக்கம் பயணம். போகும்போது உப்பு மூட்டை, வரும்போது ஆவாரம் பட்டை. மேலே சந்தையில் பச்சைத் தோல் பார்க்க நானும் ஏறிக்கொண்டேன், பாய்க்கு இடது பக்கத்தில். பின்னால் மூட்டைகளின் மேல் பாயுடைய மச்சினன், அவன் பெண்டாட்டியின் தம்பி, கட்டை போடுகிறவன். ஏற்றத்தில் வண்டி நின்றால் குதித்து இறங்கிப் பின் சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டையை வைக்க வேண்டும், அதுதான் அவன் வேலை. முப்பது வயது, நல்ல திடகாத்திரமான ஆள்.

வண்டி கிளம்பியதே தெரியவில்லை. உதையும் இல்லை, கீச்சும் இல்லை. பாய் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"இன்னா தோஸ்த் இது? உன் துரை இன்னிக்கி அல்வா மாதிரி நழுவுறான்!"

முதல் தடவையாக அவன் அந்த வண்டியைப் புகழ்ந்தான். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. கணவாய் உச்சியில் வண்டியை நிறுத்தி ரொட்டி தின்னும்போது, இன்ன செய்தேன் என்று அவனிடம் பீற்றிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உச்சிக்கு நாங்கள் போகவில்லை. மூன்றாவது வளைவில் ஏற்றம் கடுமையாகும். அங்கே இஞ்சின் திடீரென்று ஓலமிட்டது. வண்டி நின்றது. இஞ்சின் இன்னும் பெரிதாகக் கத்தியது, வண்டி பின்னால் உருளத் தொடங்கியது. காலடிப் பலகைக்கு அடியிலிருந்து ஒரு கருகல் வாடை, கசப்பான புங்க எண்ணெய் வாடை, மேலே வந்தது. நான் குனிந்து பாயின் காலைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியாது. அவனுடைய இடது கால் மிதியில் இல்லை, பக்கத்தில் பலகையின் மேல் தட்டையாக இருந்தது. வலது கால் பிரேக்கை நசுக்கிக்கொண்டிருந்தது, மூட்டைப் பாரத்துக்கு அது பிடிக்கவில்லை. "யா அல்லா! கட்ட! கட்ட போடுறா!" என்று பாய் அலறினான். பின்னால் குதிக்கிற சத்தம் கேட்டது. வண்டி ஒரு தடவை எம்பி, ஓரத்து மண்மேட்டில் மோதி நின்றது. கட்டை மேல் ஏறிய சக்கரம் கட்டையைத் தள்ளிவிட்டு மச்சினனின் காலின் மேல் போயிருந்தது.

வேலூர் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தான்.

சாலையில் எங்களுக்குப் பின்னால் மாட்டு வண்டிகளில் வந்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். இஞ்சின் கத்தியது, வண்டி பின்னால் வந்தது. இடது மிதியை அழுத்தினாலும் அப்படித்தான் நடக்கும், கிளச்சு வழுக்கினாலும் அப்படித்தான் நடக்கும். ஆனால் எல்லாருக்கும் தெரிந்தது முதலாவதுதான். பழைய அமெரிக்கா வண்டி ஞாபகத்தில் டிரைவர் இடது காலை அழுத்திவிட்டான். பாயே அப்படித்தான் நம்பினான். "ஏத்தத்துல எனுக்கு ஞாபகமே இல்ல. கால் பழைய வண்டியத் தேடிப் போயிருக்கு தோஸ்த்" என்று என் தோளில் சாய்ந்து அழுதான். நான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. பயம். வேலை போய்விடும் என்ற பயம்கூட இல்லை. இவன் கை பொய் சொல்லாது என்ற பேர் போய்விடுமே என்ற பயம். தூ!

மாடு கட்டி வண்டியைக் கிடங்குக்கு இழுத்து வந்தார்கள். கிளச்சைக் கழற்றிப் பார்க்க என்னிடம்தான் சாயபு சொன்னார். தோல் கருப்பாக, பிழிந்தால் வழிகிற மாதிரி எண்ணெயோடு வந்தது. நான் என்ன செய்தேன்? வண்ணார் துணி வெளுக்கிற உவர்மண்ணைக் காயவைத்துப் பொடித்து, அந்தத் தோலைச் சுற்றிலும் அப்பி, வெயிலில் போட்டேன். மண் எண்ணெயை இழுத்ததும் உதறிவிட்டுப் புது மண் அப்பினேன். மூன்று நாள். எண்ணெய்க் கறையை எடுக்கத் தெரிந்த கை இல்லையா? நன்றாகவே செய்தது.

அந்த மூன்று நாளில் ஒரு நாள், சனிக்கிழமை கழிந்து திங்கட்கிழமை என்று ஞாபகம், பாய் என்னை வாணியம்பாடியில் அவன் வீட்டுக்குக் கூட்டிப் போனான். தனியாக வீட்டுக்குள் நுழைய அவனுக்குத் தைரியம் இல்லை. எனக்கு ரொட்டியும் பருப்பும் வைத்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்து அவன் பெண்டாட்டி உருதுவில் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. "உன் காலை வெட்டி என் தம்பிக்குக் குடு" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். பாய் தலை நிமிரவில்லை. நான் ரொட்டியைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்து முழுவதும் தின்று முடித்தேன்.

நாலாவது நாள் போலீஸ் வந்தது. "என் கால்தான் தப்பு பண்ணிச்சி" என்று பாய் தானாகவே எழுதிக் கொடுத்தான். லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தாங்கவில்லை. சாயபுவிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய் போட்டது, பாயின் கால் பலகையில் இருந்தது, எல்லாம்.

சாயபு அந்தத் தோலைக் கொண்டுவரச் சொன்னார். வளைத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார். கிடங்கில் புங்க எண்ணெய் வாடை அடிக்காத பொருள் எது?

"இதுல எண்ணெ எங்கப்பா இருக்கு? காஞ்சி கெடக்குது."

"உவர்மண் போட்டு எடுத்துட்டேன், சாயபு."

"மொதல்ல போட்டேங்கற. அப்பறம் எடுத்தேங்கற. தோஸ்துக்காக இன்னும் இன்னா சொல்லுவ?" என்று என் தோளைத் தொட்டார். "உன் மனசு பெருசுப்பா. ஆனா பொய் சொல்லாத. உன் கை தோல கெடுக்குமா? போய் வேலயப் பாரு."

அழுதுகொண்டே வெளியே வந்தேன். ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது என்றுதானே எழுதுகிறேன்? அழுகைக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. சொல்லிவிட்டேன், நம்பாதது அவர் பாடு என்று ஒரு நிம்மதி. போலீஸிடம் நான் போகவில்லை. பாயிடம் சொன்னேன். அவனும் அதே மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனுக்காக பொய் சொல்லாத தோஸ்த். நீ நல்லவன்" என்றான். அந்த நல்லவன் என்ற வார்த்தை ஐந்து வருஷம் என்னை அரித்தது.

இரண்டு வருஷத்தில் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். அவன் கேட்கவே இல்லை. வாணியம்பாடி ஸ்டேஷனில் தோல் கட்டு சுமந்தான். சிரிப்பு போய்விட்டது. எங்கே உட்கார்ந்தாலும் வலது காலை இடது பாதத்தின் மேல் வைத்து அழுத்திக்கொள்வான், இடது கால் எழுந்து எங்காவது போய்விடும் போல. சாயபு புதிய அமெரிக்கா லாரி வாங்கி, அவனே வந்து ஓட்டட்டும் என்று ஆள் அனுப்பினார். அவன் ஆசைப்பட்ட அதே வண்டி. "இந்தக் கால நம்பி இன்னொருத்தன் பின்னால நிக்கணுமா?" என்று சொல்லி அனுப்பினானாம். அதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

துரை வண்டியைப் பழைய இரும்புக்கு விற்றிருந்தார்கள். ஐந்தாவது வருஷம், சொன்னால் நம்பாதவனுக்குக் கண்ணால் காட்டுவது என்று முடிவு செய்து, லாங் பஜாரில் இரும்புக்கடை இரும்புக்கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடையின் பின்கட்டில், துரு ஏறி, அந்தக் கூம்பும் இஞ்சின் சக்கரமும் கிடந்தன. வாங்கினேன். துருவைத் தேய்த்து எடுத்தேன். அதே மாதிரித் தோலில் இரண்டு பட்டை வெட்டினேன். மாட்டு வண்டியில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு பாய் வீட்டு வாசலில் போய் இறங்கினேன். அவனும் மச்சினனும் வெளியே வந்தார்கள். மச்சினன் கக்கத்தில் கட்டை ஊன்றி நின்றான்.

"ஒண்ணும் பேச மாட்டேன். பாத்தா போதும்" என்றேன்.

முதலில் வறண்ட பட்டை. கூம்பைச் சக்கரத்துக்குள் உட்கார வைத்து, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தேன். கடப்பாரையைக் கொடுத்துக் கூம்பைத் திருப்பச் சொன்னேன். பாய் திருப்பினான். கூம்பும் சக்கரமும் ஒன்றாக, தரையைப் பிராண்டிக்கொண்டு திரும்பின. அடுத்த பட்டையில் அன்றைக்குப் போட்ட மாதிரியே புங்க எண்ணெயைப் போட்டுத் தேய்த்தேன். அதே கல்லை வைத்தேன். பாய் திருப்பினான். சக்கரம் அசையவில்லை. கூம்பு மட்டும் வழுக்கிக்கொண்டு போனது. அவன் நின்றுவிட்டான். மச்சினன் நொண்டிக்கொண்டே வந்து, கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, தன் கையால் ஒரு தடவை திருப்பிப் பார்த்தான். கூம்பு வழுக்கியது. இன்னொரு தடவை திருப்பினான். அப்புறம் பாயின் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமு, நீ இல்ல" என்றான்.

பாய் தரையில் உட்கார்ந்துவிட்டான். முகத்தைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் குலுங்கினான். மச்சினன் அவன் தலைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். திரைக்குப் பின்னாலும் அழுகிற சத்தம் கேட்டது. எனக்கும் அழுகை வந்தது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

பாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அன்னிக்கி இங்க வந்து ரொட்டி சாப்ட்டியே. அவ திட்னா, நீ ஒக்காந்து சாப்ட்டுக்குனு இருந்த. அப்பவே உனுக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்" என்றேன்.

அவன் கோபப்படவில்லை. எழுந்து, கல்லையும் கூம்பையும் சக்கரத்தையும் ஒவ்வொன்றாகத் தூக்கி என் மாட்டு வண்டியில் திரும்ப ஏற்றினான். பட்டைகளையும் எடுத்து வைத்தான். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

ஆறு மாதத்துக்குள் லைசென்ஸ் வாங்கிவிட்டான். இப்போது வாணியம்பாடிக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவே பஸ் ஓட்டுகிறான். அமெரிக்கா வண்டிதான். மச்சினன் அதில் டிக்கெட் கொடுக்கிறான் என்றும் கேள்விப்பட்டேன். ஒரு நாள் ஆம்பூர்ச் சாலையில் நான் நடந்துகொண்டிருந்தபோது அது என்னைத் தாண்டிப் போனது. பாய் யாரிடமோ என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டே ஓட்டினான். என்னைப் பார்த்தான். சிரிப்பை நிறுத்தி, சாலையைப் பார்த்தான். பஸ் போய்விட்டது. நான் மீதி நாலு மைலையும் நடந்தே போனேன்.